காப்பும் கடனும்

நுழையும்முன்

குழந்தை யாருக்கு உரியது? தந்தைக்கா, தாய்க்கா, வளர்த்தவருக்கா, அரசுக்கா? நீதிமன்றங்களின் படிக்கட்டுகளில் நூறாண்டுகளுக்கும் மேலாக இவ்வினா ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு தீர்ப்பும் வினாவையே சற்று மாற்றியமைத்து வந்துள்ளது. சென்னையில் தொடங்கி இலண்டன்வரை சென்ற ஒரு வழக்கின் வழியே அம்மாற்றத்தை இப்பாடம் விளக்குகிறது.

உரிமையா, கடனா?

பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையிலான உறவைப் பழந்தமிழர் 'கடன்' என்னும் சொல்லால் குறித்தனர். பொன்முடியார் பாடிய புறநானூற்றுப் பாடல் ஒன்று, ஒரு மகன் உருவாவதில் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் ஆகியோருக்கு உள்ள கடன்களைப் பகுத்துக் கூறுகிறது. அப்பாடலில் உரிமை என்ற பேச்சே இல்லை. குழந்தையை வளர்ப்பது வீட்டோடு முடிந்துவிடும் பணி அன்று, ஊரும் அரசும் பங்கேற்க வேண்டிய பொறுப்பு என்னும் கருத்தும் அதில் அடங்கியுள்ளது.

சட்டம் இதே உறவைக் 'காப்புரிமை' என்று அழைக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவர் சட்டத்தின் பார்வையில் இளவர் ஆவார். இளவரின் உடல், கல்வி, உடைமை ஆகியவற்றைப் பேணும் பொறுப்புடையவர் காப்பாளர். பெற்றோர் இயற்கைக் காப்பாளர் எனப்படுவர். அவர்கள் இல்லாதபோதோ தகுதி இழந்தபோதோ நீதிமன்றம் வேறொருவரைக் காப்பாளராக அமர்த்தும்.

அடையாற்றில் எழுந்த வழக்கு

மதனப்பள்ளியில் 1895ஆம் ஆண்டு பிறந்தவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. அவருடைய தந்தை நாராயணய்யா அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்திருந்த அவர், 1909ஆம் ஆண்டு தம் மக்களுடன் சென்னை அடையாற்றில் உள்ள பிரம்மஞான சபையின் வளாகத்தை ஒட்டிக் குடிவந்தார். சபையின் தலைவராக இருந்தவர் அன்னி பெசன்ட் அம்மையார். 1910ஆம் ஆண்டு மார்ச்சில் நாராயணய்யா எழுதிக்கொடுத்த மடல் ஒன்றின்வழி, கிருஷ்ணமூர்த்தி, அவர் தம்பி நித்தியானந்தா ஆகிய இருவரின் காப்பும் கல்வியும் அம்மையாரிடம் ஒப்படைக்கப்பட்டன. 1912ஆம் ஆண்டு சிறுவர்கள் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்டனர்.

இதற்கிடையில் மூத்தவரை வருங்கால உலக ஆசானாகச் சபையினர் போற்றத் தொடங்கியிருந்தனர். தம் மக்கள் யாருடைய செல்வாக்கில் வளர்கின்றனர் என்னும் ஐயமும் தந்தையின் நெஞ்சில் வலுத்தது. மக்களைத் திருப்பித் தருமாறு கேட்டார், கேட்டது கிடைக்கவில்லை. 1912ஆம் ஆண்டு அக்டோபரில் செங்கற்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் அவர் வழக்குத் தொடுத்தார். பின்னர் அவ்வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. தந்தையின் சார்பில் சி. பி. இராமசாமி ஐயர் வாதாடினார். அன்னி பெசன்ட் வழக்கறிஞரை அமர்த்தாமல் தாமே வாதாடினார்.

நீதிபதி பேக்வெல் 1913ஆம் ஆண்டு ஏப்ரலில் தீர்ப்பளித்தார். தந்தை சுமத்திய கடுமையான குற்றச்சாட்டுகளை அவர் ஏற்கவில்லை. ஆயினும் சிறுவர்களைத் தந்தையிடம் ஒப்படைக்குமாறு ஆணையிட்டார். மேல்முறையீட்டிலும் அதே முடிவு நிலைத்தது. அன்னி பெசன்ட், அக்காலத்தில் இந்திய வழக்குகளுக்கு இறுதி நீதிமன்றமாக விளங்கிய இலண்டன் பிரிவி கவுன்சிலை நாடினார்.

இலண்டன் தந்த விடை

1914ஆம் ஆண்டு மே மாதம் பிரிவி கவுன்சில் வழங்கிய தீர்ப்பில் இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, தந்தை தம் மக்களின் காப்பைப் பிறரிடம் ஒப்படைக்கலாம்; ஆனால், அந்த ஒப்படைப்பைத் திரும்பப் பெறும் உரிமை அவரிடமே இருக்கும் என்பது. குழந்தையை ஆவணம் எழுதிக் கைமாற்றிவிட முடியாது என்பது இதன் பொருள். இந்த அளவில் தந்தையின் கை ஓங்கியது.

இரண்டாவது செய்தி வழக்கையே புரட்டிப்போட்டது. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டத்தின்படி, இளவர் வழக்கமாக வாழும் இடத்தின் மாவட்ட நீதிமன்றமே அவரைக் குறித்த மனுவை விசாரிக்க இயலும். சிறுவர்களோ இங்கிலாந்தில் இருந்தனர். எனவே செங்கற்பட்டு நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. மேலும், வழக்கில் தந்தை ஒரு புறமும் காப்பாளர் மறுபுறமும் நின்றனரே தவிர, சிறுவர்களின் சார்பில் ஒருவரும் நிற்கவில்லை. வழக்குத் தொடுத்த காலத்தில் மூத்தவருக்கு வயது பதினேழு, இளையவருக்குப் பதினான்கு. தம் விருப்பத்தை எடுத்துரைக்கும் வயதை அடைந்திருந்தும் அவர்கள் கேட்கப்படவில்லை. இக்குறைகளால் சென்னைத் தீர்ப்புகள் நீக்கப்பட்டன. வேண்டுமானால் இங்கிலாந்தின் நீதிமன்றத்தை அணுகலாம் என்று தந்தைக்குக் கூறப்பட்டது.

மக்கள் தந்தையிடம் திரும்பவில்லை. நித்தியானந்தா 1925ஆம் ஆண்டு காலமானார். தமக்கென அமைக்கப்பட்ட இயக்கத்தைக் கிருஷ்ணமூர்த்தி 1929ஆம் ஆண்டு தாமே கலைத்தார். தந்தை வேண்டிய வாழ்வையோ காப்பாளர் வகுத்த வாழ்வையோ அவர் வாழவில்லை. தம் வழியைத் தாமே தேர்ந்தார்.

'பின்' என்னும் ஒரு சொல்

விடுதலைக்குப் பின், 1956ஆம் ஆண்டில் இந்து இளவர் மற்றும் காப்புரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. இளவரின் இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் பின் தாய் என்று அச்சட்டம் வரிசைப்படுத்தியது. ஐந்து வயது நிரம்பாத குழந்தை பொதுவாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்றும், எந்நிலையிலும் குழந்தையின் நலனே தலையாயது என்றும் கூறியது.

கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன், 1984ஆம் ஆண்டு தம் மகன் பெயரில் பத்திரம் வாங்க இந்திய ரிசர்வ் வங்கிக்கு விண்ணப்பித்தார். கணவரும் இசைந்து, தாமே காப்பாளர் எனக் கையொப்பமிட்டிருந்தார். தந்தையின் கையொப்பமோ நீதிமன்றச் சான்றோ வேண்டும் என வங்கி விடையளித்தது. பெற்று வளர்க்கும் தாயின் கையொப்பம் செல்லாதா என்னும் வினா உச்சநீதிமன்றத்தை அடைந்தது.

1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த தீர்ப்பு 'பின்' என்னும் சொல்லின் பொருளை ஆராய்ந்தது. தந்தையின் மறைவுக்குப் பின் என்று மட்டும் அதற்குப் பொருள் கொண்டால், அரசமைப்பு உறுதிசெய்யும் ஆண் பெண் சமத்துவம் குலையும். ஆதலால், தந்தை பொறுப்பில் இல்லாத நிலை என்று நீதிமன்றம் பொருள் கண்டது. தந்தை அக்கறையின்றி இருந்தாலும், தொலைவில் வாழ்ந்தாலும், இருவரும் இசைந்து பொறுப்பைத் தாயிடம் விட்டிருந்தாலும், தந்தை உயிருடன் இருக்கும்போதே தாய் காப்பாளராகச் செயற்படலாம். ஆயினும் சட்டத்தின் வரிசை மாறவில்லை. பெற்றோர் இருவரையும் சமநிலையில் வைக்க வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 257ஆவது அறிக்கையில் 2015ஆம் ஆண்டு பரிந்துரைத்தது.

தெரிந்து தெளிவோம்

1875ஆம் ஆண்டின் இந்திய வயதுவருதல் சட்டப்படி பதினெட்டு வயதில் ஒருவர் வயதுவந்தவர் ஆவார். ஆனால், நீதிமன்றம் காப்பாளரை அமர்த்தியிருந்தால் இருபத்தொரு வயதுவரை அவர் இளவராகவே கருதப்பட்டார். 1999ஆம் ஆண்டின் திருத்தம் இவ்வேறுபாட்டை நீக்கியது.

நிலமும் காப்பும்

திருவண்ணாமலையில் இருந்து செஞ்சி செல்லும் சாலையில் உள்ளது கீழ்பென்னாத்தூர். அங்குப் பெற்றோரை இழந்த சிறுமி ஒருத்தியைப் பாட்டி வளர்த்து வருவதாகக் கொள்வோம். சிறுமியின் பெயரில் ஓர் ஏக்கர் நிலம் இருக்கிறது. படிப்புச் செலவுக்காக அதனை விற்கலாம் என உறவினர் கூறுகின்றனர். பாட்டியால் விற்க இயலுமா?

இயலாது. சோறூட்டி வளர்ப்பதனாலேயே இளவரின் சொத்தைக் கையாளும் உரிமை ஒருவருக்கு வந்துவிடுவதில்லை என்று 1956ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. சிறுமி கீழ்பென்னாத்தூரில் வாழ்வதால், திருவண்ணாமலை மாவட்டத்தில் அதிகாரமுள்ள நீதிமன்றத்தில் பாட்டி மனுச் செய்து முதலில் காப்பாளராக அமர்த்தப்பட வேண்டும். பின்னர், விற்பனை சிறுமிக்கு நன்மை தரும் என்று காட்டி முன் அனுமதி பெற வேண்டும். பெற்றோரே உயிருடன் இருந்தாலும் இளவரின் நிலத்தை விற்க இத்தகைய அனுமதி தேவை. அனுமதியின்றிப் பெற்றோர் விற்றால், வயதுவந்தபின் மூன்றாண்டுகளுக்குள் பிள்ளை வழக்கிட்டு அவ்விற்பனையை நீக்கலாம். பாட்டியின் அன்பை ஐயுற்று எழுந்தது அன்று இவ்விதி. பேசத் தெரியாத வயதில் உள்ளவரின் உடைமையைக் காக்க எழுந்தது.

குழந்தையின் குரல்

காப்பாளரை அமர்த்தும்போது குழந்தையின் வயது, காப்பாளரின் ஒழுக்கம், உறவின் நெருக்கம் ஆகியவற்றை நீதிமன்றம் ஆராய்கிறது. தெளிவாகத் தேர்ந்துரைக்கும் வயது வந்திருப்பின் குழந்தையின் விருப்பத்தையும் கருதலாம் என்று 1890ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது. பிள்ளைகள் பெற்றோரின் உடைமைப் பொருளோ விளையாட்டுப் பொருளோ அல்லர் என்று, சென்னையில் இருந்து சென்ற ரோசி ஜேக்கப் வழக்கில் 1973ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அறிவுறுத்தியது. தம்மைப் பற்றிய முடிவுகளில் கருத்துரைக்கும் உரிமை குழந்தைகளுக்கு உண்டு என்று ஐக்கிய நாடுகள் அவையின் 1989ஆம் ஆண்டு உடன்படிக்கை உரைக்கிறது. இந்தியா 1992ஆம் ஆண்டு அதனை ஏற்றது.

பெற்றோரின் உரிமையைச் சட்டம் மறுக்கவில்லை. கடனை ஆற்றுவதற்குத் தேவையான அளவில் அவ்வுரிமையை அவர்களிடம் ஒப்படைத்திருக்கிறது. கடன் தவறும் இடத்தில் உரிமையும் தளர்கிறது. பிரிந்து வாழும் பெற்றோர் நீதிமன்றத்தில் நிற்கும்போது, வென்றவர் யார் என்பதை ஊர் பேசும். குழந்தை எங்கே நன்றாக வளரும் என்பதையே நீதி பேச வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. கிருஷ்ணமூர்த்தி வழக்கில் தந்தை, காப்பாளர், சிறுவர்கள் ஆகிய மூவர் தரப்பு நியாயங்களையும் தொகுத்து வகுப்பறையில் வழக்காடுமன்றம் நடத்துக.

2. சட்டத்தில் ஒரு சொல்லின் பொருள் மாறினால் வாழ்வில் என்ன மாறும் என்பதைக் கீதா ஹரிஹரன் வழக்கைச் சான்றாகக் கொண்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

3. காப்பாளர், இளவர், ஒப்படைப்பு, முன் அனுமதி ஆகிய சொற்களைச் சொந்தத் தொடர்களில் அமைத்து எழுதுக.