ஒரே நாள், இரு தேதிகள்

பசிபிக் போர் எங்கே தொடங்கியது? "பேர்ல் துறைமுகத்தில், 1941 டிசம்பர் 7" என்றே நம்மில் பலரும் விடை கூறுவோம். கடிகாரம் கூறும் விடையோ வேறு.

ஹவாயில் குண்டுகள் விழத் தொடங்கியது காலை 8 மணிக்குச் சற்று முன்னர். மலாயா நேரம் அன்று ஹவாயைவிட 18 மணி நேரம் முந்தியது. எனவே அப்பொழுது மலாயாவில் டிசம்பர் 8, அதிகாலை ஏறத்தாழ 2 மணி. ஆனால் அங்கே கோத்தா பாரு கடற்கரையில் ஜப்பானியர் 1 மணிக்கு முன்பே இறங்கிவிட்டனர்! முந்திய நிகழ்ச்சிக்குப் பிந்திய தேதி வாய்த்தது சர்வதேசத் தேதிக்கோட்டின் விந்தை. அடுத்த சில மணிகளில் ஹாங்காங்கும் பிலிப்பைன்சும் தாக்குண்டன.

கோத்தா பாருவின் கரையில் அம்முதல் தாக்குதலை எதிர்த்து நின்றோர் டோக்ரா படைப்பிரிவின் இந்தியச் சிப்பாய்கள். தேதியை மட்டும் மனப்பாடம் செய்தால் அவர்களை மறந்துவிடுவோம். நேரத்தையும் கணக்கிட்டால் வரலாற்றில் அவர்களுக்குரிய இடம் விளங்கும்.