சலங்கையும் சமுதாயமும்

ஆடற்கலை கண்ணுக்கு விருந்து என்பர். அது மனச்சான்றைத் தட்டி எழுப்பவும் வல்லது என்பதைத் தம் வாழ்வால் காட்டியவர் திருமதி மிருணாளினி சாராபாய். நாட்டியம் பயில்வோர் மட்டுமன்றி, மாணவியராகிய நாம் அனைவரும் அறிய வேண்டிய வரலாறு அவருடையது.

இவர் 1918-ஆம் ஆண்டு மே 11-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சுவாமிநாதன் சென்னையில் வழக்கறிஞர். தாயார் அம்மு சுவாமிநாதன் 1952-இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். தமக்கையார் இலட்சுமி, நேதாஜியின் ஜான்சிராணி படைக்குத் தலைமை தாங்கிய வீராங்கனை. இத்தகைய குடும்பத்தில் வளர்ந்த மிருணாளினி, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் பயின்றார். சாந்திநிகேதனிலும் கல்வி கற்றார். 1942-இல் விஞ்ஞானி விக்ரம் சாராபாயை மணந்து அகமதாபாத் சென்றார். 1949-இல் அங்கே ‘தர்ப்பணா’ என்ற கலைக்கூடத்தை நிறுவினார். தர்ப்பணம் என்றால் கண்ணாடி. சமுதாயம் தன் முகத்தைக் காணும் கண்ணாடியாகவே அது பின்னாளில் விளங்கியது.

சௌராஷ்டிரப் பகுதியில் இளம்பெண்கள் தற்கொலை செய்துகொள்ளும் செய்திகளை அவர் நாளேடுகளில் படித்தார். வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் குற்றம் என்று 1961-இல் சட்டம் வந்தது. ஆயினும் கொடுமை ஓயவில்லை. அந்த 1960-களிலேயே அப்பெண்களின் துயரத்தை நாட்டியமாக அமைத்து மேடையேற்றினார். அவர் அதற்கு ஆங்கிலத்தில் சூட்டிய பெயருக்கு, ‘நினைவு என்பது நித்தியத்தின் கிழிந்த துணுக்கு’ என்று பொருள் கூறலாம்.

இங்கே நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. ‘தை தித் தை’ போன்ற சொற்கட்டுகளுக்குத் தனிப்பொருள் இல்லை. தாள அழகுக்காகவே அவை ஒலிக்கும். அந்தச் சொற்கட்டுகளையே, பெண்ணைச் சூழ்ந்து நின்று குத்திக் காயப்படுத்தும் கொடுஞ்சொற்களாக அவர் ஒலிக்கச் செய்தார். பரதத்தின் இலக்கணத்தைக் கைவிடவில்லை. அதைக் கொண்டே, ஊர் பேசத் தயங்கியதைப் பேசினார்.

1992-இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 2016 ஜனவரி 21 அன்று தமது 97-ஆம் வயதில் மறைந்தார். மகள் மல்லிகா, தாயின் உடலருகே நடனமாடி விடை கொடுத்தார்.

பெண்பிள்ளைக்குக் கற்பிக்கும் கலையை, வரன் தேடும்போது சொல்லிக்கொள்ளும் ஒரு தகுதியாகவே எண்ணும் இல்லங்கள் இன்றும் உள்ளன. அதே இல்லங்களில் வரதட்சணைப் பேச்சும் நடக்கக்கூடும். அந்தப் பேச்சின்போது வாய்மூடி நிற்கவா நாம் கலை பயில்கிறோம்? தாலந்தை மண்ணில் புதைத்தவனை இயேசுபெருமானின் உவமை கண்டிக்கிறது. ஆடலோ, பாடலோ, எழுத்தோ, இறைவன் நமக்கு அளித்த தாலந்து எதுவாயினும், குரலற்ற ஒரு சகோதரிக்காக ஒருமுறையேனும் அதைப் பயன்படுத்துவோம்.