மலைமுடியில் திசையறிதல்

வழிச்செல்வோர் அறிய வேண்டுவன இரண்டு. தாம் நிற்கும் இடம் யாது என்பது ஒன்று. செல்ல வேண்டிய திசை யாது என்பது மற்றொன்று. முன்னோர் இவற்றைத் தேசப்படமும் திசைகாட்டியுங் கொண்டு அறிந்தனர். இக்காலத்திலோ ஜி.பி.எஸ். என்னும் கைக்கருவி நொடிப்பொழுதில் அறிவித்துவிடுகின்றது. ஆயின் பழைய முறையைக் கைவிடலாமோ? இதனை ஓர் உதாரணத்தால் ஈண்டு ஆராய்வோம்.

ஸ்காட்லாந்திலுள்ள பென் நெவிஸ் 1,345 மீட்டர் உயரமுடையது. பிரிட்டனில் அதனினும் உயர்ந்த மலை இல்லை. அதன் உச்சி அகன்றதொரு கல்வெளி. பெரும்பாலும் மேகத்தால் மூடப்பட்டிருப்பது. வடபுறத்தே கார்டிலூ என்னும் செங்குத்துப் பிளவு வழியருகே வாய் திறந்து கிடக்கின்றது. தென்மேற்கே ஐவிரற் பிளவு என்பதொன்று உளது. மூடுபனியில் இறங்குவோர் இவ்விரண்டிற்கும் இடையே செல்லல் வேண்டும். வழிதவறி உயிர் நீத்தோர் பலர்.

ஆதலின் அம்மலையேறுவோர் ஒரு கணக்கைப் பாடமாக்கியுள்ளனர். உச்சியிலுள்ள அளவைத் தூணினின்று 231 பாகைத் திசையில் 150 மீட்டர் நடந்து, பின்னர் 282 பாகைத் திசையைப் பற்றி இறங்க வேண்டும் என்பதே அது. இவை படத்தின் கட்டக் கோடுகளைக் கொண்டு அளந்தவை. காந்தவூசி காட்டும் வடக்கு, படத்தின் வடக்கினின்று சிறிது வேறுபடும்; அவ்வேறுபாடும் இடத்திற்கும் ஆண்டிற்கும் ஏற்ப மாறும். அதனைக் கூட்டியோ கழித்தோ திருத்திக் கொள்ளுதல் அவசியம். திசையில் 5 பாகை பிழைத்தால், 150 மீட்டர் முடிவில் 13 மீட்டர் விலகி நிற்போம். பிளவின் விளிம்பிலே அது சிறு பிழையன்று.

இனி ஜி.பி.எஸ். கருவியை நோக்குவோம். ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்திற் சுற்றும் செயற்கைக் கோள்களுள் நான்கின் குறிகளையேனும் பெற்று, அது நம் இடத்தைக் கணிக்கின்றது. பொதுமக்கள் பெறுங் குறியை வேண்டுமென்றே பிழைபடுத்தும் வழக்கம் 2000 மே மாதத்தில் நீக்கப்பட்டபின், சில மீட்டர் அளவிற்குத் திருத்தமாக இடங்காட்டுகின்றது. பனியினுள் நிற்பவனுக்கு இது பேருதவி. தொடங்குமிடம் அறியாதானுக்குத் திசைகாட்டி மட்டும் யாது செய்யும்?

எனினும் குறைகளும் உள. கடுங்குளிரில் மின்கலம் விரைவிற் சோர்வுறும்; பாறைச் சுவர்கள் குறிகளை மறைத்தும் எதிரொளித்தும் பிழை விளைக்கும். இவற்றினும் பெரியது, திரையிற் காணும் கோட்டை ஆராயாது நம்புதலாம். கைபேசிப் படமொன்று பென் நெவிஸ் உச்சிக்குக் காட்டிய வழி உயிருக்கே ஆபத்தானது என 2021-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து மலையேற்ற அமைப்பினர் எச்சரித்தனர். சமன்கோடுகளை நோக்குவோனுக்கு அவற்றின் நெருக்கமே செங்குத்தை உணர்த்தியிருக்கும்.

திசைகாட்டியும் பிழையற்றதன்று. அருகில் இரும்போ கைபேசியோ இருப்பின் ஊசி பிறழும். ஆகவே ஒன்றை விட்டு ஒன்றைக் கொள்ளாது, படத்தால் வழியைத் தெளிந்து, திசைகாட்டியாற் பற்றி, கைக்கருவியாற் சரிபார்த்தலே அறிவுடைமை. கருவி விடை கூறுமுன் நாமே ஒரு விடை கண்டிருத்தல் வேண்டும். இரண்டும் மாறுபடின் நின்று ஆராய்தல் வேண்டும்.

இப்பயிற்சிக்கு மலை வேண்டுவதில்லை. விளையாட்டு மைதானத்தில் 150 மீட்டர் அளந்து, அதனைக் கடக்க நமக்கு எத்தனை அடிகள் ஆகின்றன என்று இன்றே எண்ணிப் பார்ப்போமாக. பனி சூழ்ந்த நாளில் அவ்வெண்ணே நமக்கு அளவுகோலாகும்.