தெருவில் கிடைத்த நாய்க்குட்டி



ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் நம் ஊர்ப்பக்கம் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் சுற்றுச்சுவர் ஓரத்திலோ, ஆவடி இரயில் நிலையத்துக்கு வெளியிலோ, பூந்தமல்லிச் சாலையில் உள்ள டீக்கடை பெஞ்சுக்கு அடியிலோ நான்கைந்து நாய்க்குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடக்கும். சில நாட்களில் அவை மூன்றாகும், பிறகு ஒன்றாகும். லாரிச் சக்கரமும் பசியும் நோயும் மற்றவற்றைக் கொண்டுபோயிருக்கும். எஞ்சிய அந்த ஒன்றைக் கண்டு, "பாவம், வீட்டுக்கு எடுத்துப் போகலாமா?" என்று எண்ணாதவர் நம்மில் யார்?

எண்ணம் நல்லதே. ஆனால் இரக்கம் மட்டும் ஒரு குட்டியை வளர்த்துவிடாது. நாய் 10 முதல் 15 ஆண்டுகள்வரை வாழக்கூடியது. இன்று எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒருத்தி எடுத்து வளர்க்கும் குட்டி, அவள் கல்லூரியை முடித்து வேலைக்குப் போகும் நாளிலும் வாசலில் காத்திருக்கும். ஆகவே இரக்கத்தோடு அறிவும் பொறுமையும் சேர வேண்டும். அவற்றை எப்படிச் சேர்ப்பது என்பதைப் பார்ப்போம்.

இரண்டு குட்டிகளால் பிறந்த சங்கம்

1959ஆம் ஆண்டு. சென்னை தியாகராய நகரில் மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் வி. சுந்தரம் மீட்டு வீட்டுக்கு எடுத்துச் சென்றார். அவரும் அவர் குடும்பத்தாரும் அன்று தொடங்கிய சேவையே பின்னர் புளூ கிராஸ் சங்கமாக வளர்ந்தது. தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதால் பயனில்லை, கருத்தடை செய்து தடுப்பூசி போடுவதே வழி என்று 1964 முதல் இச்சங்கத்தார் வற்புறுத்தி வந்தனர். சென்னை மாநகராட்சி 1996இல் அம்முறையை ஏற்றது. இரண்டு குட்டிகளிடம் காட்டிய இரக்கம், அறிவோடு சேர்ந்தபோது ஒரு நகரத்தின் வழக்கத்தையே மாற்றியது.

தூக்குமுன் சிந்திப்போம்

குட்டி தனியாகக் கிடப்பதால் அதற்குத் தாய் இல்லை என்று முடிவு கட்டிவிடக்கூடாது. தாய் இரை தேடிப் போயிருக்கலாம். சிறிது தொலைவில் நின்று சில மணி நேரம் கவனிக்க வேண்டும். பிறந்த குட்டிக்குச் சுமார் 2 வாரத்தில்தான் கண் திறக்கும்; 8 வாரம்வரை அது தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருப்பதே நல்லது. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக்கூட அது அவற்றோடு விளையாடித்தான் கற்றுக்கொள்கிறது. தாய் இறந்துவிட்டது, அல்லது குட்டி நோயுற்றுக் கிடக்கிறது என்றால் மட்டும் முன்னதாக எடுக்கலாம்.

அடுத்து, அம்மா அப்பாவின் சம்மதம் வேண்டும். வாடகை வீடாயின் வீட்டுக்காரரின் சம்மதமும் வேண்டும். ஒளித்து வளர்த்த குட்டி ஒரு வாரத்தில் மறுபடியும் தெருவுக்கே வந்துவிடும். மனிதரிடம் பழகிவிட்ட பிறகு கைவிடப்படும் குட்டியின் நிலை முன்னிலும் மோசமானது. வளர்க்கும் பிராணியை உணவின்றி வாடும்படி கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

முதற்கடமை மருத்துவரே

வீட்டுக்கு வந்த குட்டிக்குப் பலர் முதலில் செய்வது குளிப்பாட்டுவது. அது தவறு. பலவீனமான குட்டி குளிரில் விறைத்துப் போகும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து, ஈரமின்றி உலர்த்தினால் போதும். உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவுவதும் ஆபத்து. தோல் வெந்துவிடும், நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும்.

பிறகு கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். 1903இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. தெருவில் பிறந்த குட்டிகளின் வயிற்றில் பெரும்பாலும் பூச்சி இருக்கும். உடல் மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருப்பது அதன் அடையாளம். பூச்சி மருந்தை எடைக்குத் தக்கபடி மருத்துவர் கொடுப்பார்.

பார்வோ என்னும் நோய் குட்டிகளுக்கு எமன். வாந்தியும் இரத்தம் கலந்த பேதியுமாக இரண்டொரு நாளில் உயிரைக் குடித்துவிடும். அதன் கிருமி மண்ணில் மாதக் கணக்கில் அழியாதிருக்கும். இதற்கும் டிஸ்டெம்பர் நோய்க்கும் சேர்த்து 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி. அதன்பின் 3, 4 வாரங்களுக்கு ஒருமுறை, 4 மாதம் ஆகும்வரை போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி 3 மாதத்தில் தொடங்கும். பின்னர் மருத்துவர் குறிப்பிடும் நாட்களில் தவறாமல் போட வேண்டும்.

"சின்னக் குட்டிதானே!" என்னும் எண்ணம்

இக்கட்டுரையில் எதை மறந்தாலும் இப்பகுதியை மறவாதீர்கள். வெறிநோய் பெரிய நாய்களுக்கு மட்டும் வருவதன்று. சின்னஞ்சிறு குட்டிக்கும் வரும். விளையாட்டாகப் பல் பட்டது, நகம் கீறியது, புண்ணில் நக்கியது என்று வீட்டில் சொல்லாமல் விடுவோர் பலர். வெறிநோய் இருக்கலாம் என்று ஐயுறும் பிராணிகளிடம் கடிபடுகிறவர்களில் பத்துக்கு நால்வர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இயலாது. ஆனால் அறிகுறி தோன்றுமுன் முறையாகச் சிகிச்சை பெற்றால் இந்நோயைத் தடுத்துவிடலாம். 1885இல் லூயி பாஸ்டர் ஜோசப் மெய்ஸ்டர் என்னும் 9 வயதுச் சிறுவனுக்கு ஊசி போடச் செய்து இவ்வழியைத் திறந்தார்.

பல்லோ நகமோ பட்டால் உடனே, ஓடும் குழாய் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் அப்பக்கூடாது. அன்றே அம்மாவிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசமாகப் போடுகிறார்கள். ஒன்றோடு நிறுத்தாமல், அவர்கள் சொல்லும் நாட்களிலெல்லாம் போட்டுக்கொள்ள வேண்டும். திட்டு விழுமே என்று மறைப்பது உயிருக்கே உலை வைப்பதாகும்.

உணவும் உறக்கமும்

பசும்பால் பல குட்டிகளுக்குச் செரிக்காது, பேதியாகும். 4 வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்குரிய பால்மாவை மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும். அதற்கு மேற்பட்டதற்கு உப்பு, காரம் இல்லாமல் குழைய வேகவைத்த சோறும், அவித்த முட்டை அல்லது கோழிக்கறியும் பிசைந்து நாளைக்கு நான்கு வேளை சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். வெங்காயம் நாய்க்கு நஞ்சு. ஆகையால் மிஞ்சிய சாம்பார் சாதம் ஆகாது. சாக்லேட்டும் திராட்சையும் அப்படியே. வேகவைத்த கோழி எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

முதல் சில இரவுகள் குட்டி அழும். அது பிடிவாதமன்று, தாயின் சூட்டைத் தேடும் அழுகை. காற்றடிக்காத ஒரு மூலையில் அட்டைப் பெட்டி வைத்து, பழைய போர்வையை மடித்துப் போட்டு, அருகே ஆள் நடமாட்டம் தெரியும்படி வைத்தால் சில நாட்களில் அடங்கிவிடும். இடத்தை நாள்தோறும் மாற்றக்கூடாது. உறங்கி எழுந்ததும், உண்டு முடித்ததும் வெளியே ஒரே இடத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள். அங்கே சிறுநீர் கழித்தால் தட்டிக்கொடுங்கள். வீட்டுக்குள் அசுத்தம் செய்தால் மூக்கை அதில் தேய்ப்பதும் அடிப்பதும் பயனற்றவை. அது அச்சத்தைத்தான் கற்கும். அஞ்சிய நாயே பிற்காலத்தில் கடிக்கும்.

3 வாரம் முதல் 14 வாரம்வரை குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் பருவம். குக்கர் விசில், ஆட்டோ சத்தம், பால்காரர், பாட்டியின் கைத்தடி எல்லாவற்றையும் அப்போது மெல்ல அறிமுகம் செய்தால் பின்னர் மிரளாது. தடுப்பூசி முடியும்வரை மற்ற நாய்கள் திரியும் மண்ணில் இறக்கிவிடாமல், கையில் தூக்கியே காட்டலாம்.

அண்டை வீட்டாரும் நாமும்

சுமார் 6 மாதத்தில் கருத்தடை செய்துவிட வேண்டும். இல்லையேல் அடுத்த மழைக்காலத்தில் அதே சுவரோரம் வேறு ஐந்து குட்டிகள் கிடக்கும். அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியைச் சேர்ந்தது. அங்கு வளர்ப்பு நாய்க்கு உரிமம் பெற வேண்டும். ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. எந்த ஊராயினும் தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பதும், தெருவில் கயிறு பிடித்து அழைத்துச் செல்வதும், அதன் கழிவை நாமே அள்ளுவதும் அண்டை வீட்டாருக்கு நாம் காட்டும் மரியாதை.

தோழியரே! எல்லாராலும் குட்டியை வீட்டில் வளர்க்க இயலாது. அதில் குறையொன்றும் இல்லை. ஒரு கிண்ணம் தண்ணீர் வைப்பதும், தெருக் குட்டிக்குத் தடுப்பூசி போடப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்வதும் உதவியே. வளர்ப்பதென்று துணிந்தால் கடைசிவரை வளர்ப்போம். பேச வாயில்லாத அந்த உயிருக்கு நாம் கொடுக்கும் வாக்கு அதுவே.