களஞ்சியம் நிரம்பினால் பசி தீருமா?

பஞ்சம் என்றதும் வெடித்துக் கிடக்கும் ஏரி மண்தான் நம் கண்ணுக்கு வருகிறது. பசியைப் பற்றி அடிக்கடி காதில் விழும் நான்கு பேச்சுகளைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை: உணவு குறைந்தால்தான் பஞ்சம் வரும்.

உண்மை: 1974-ல் வங்கதேசத்தில் பஞ்சம் வந்தபோது, தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால், முந்தைய சில ஆண்டுகளைவிட உணவு கூடுதலாகவே இருந்தது என்று கணக்குப் போட்டுக் காட்டினார் பொருளியலாளர் அமர்த்திய சென். வெள்ளத்தில் வயல் மூழ்கியதும் நடவு வேலை நின்றது, கூலியும் நின்றது. விளைச்சல் குறையும் என்ற பேச்சிலேயே அரிசி விலை ஏறியது. கடையில் மூட்டை இருந்தது. கூலிக்காரர் மடியில் காசு இல்லை.

நம்பிக்கை: டிராக்டரும் புது விதையும் இல்லாமல் விளைச்சல் பெருகாது.

உண்மை: சீனாவின் சியாவோகாங் கிராமத்தார் பிச்சைக்குப் போய் வயிறு வளர்த்தவர்கள். 1978 இறுதியில் 18 வீட்டுக்காரர்கள் ரகசியமாகக் கூடி, கூட்டுப்பண்ணை நிலத்தைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு ஒரு தாளில் கைநாட்டு வைத்தார்கள். அரசுக்குரியதைக் கட்டியபின் மிச்சம் அவரவர் வீட்டுக்கு. யாராவது சிறைக்குப் போக நேர்ந்தால் அவர் பிள்ளைகளை 18 வயதுவரை மற்றவர்கள் வளர்ப்பதென்றும் ஒப்புக்கொண்டார்கள். அதே மண், அதே மண்வெட்டி. மறு ஆண்டு விளைச்சல் பல மடங்கானது. சில ஆண்டுகளில் நாடெங்கும் அதுவே கொள்கையானது.

நம்பிக்கை: சும்மா காசு கொடுத்தால் சனங்கள் சோம்பேறியாகிவிடுவார்கள்.

உண்மை: ரேஷன் அரிசியைப் பற்றி இங்கே பேசும் அதே பேச்சைப் பிரேசிலிலும் பேசினார்கள். 2003-ல் தொடங்கிய 'போல்சா ஃபமீலியா' திட்டத்தில் பணம் பெரும்பாலும் அம்மாவின் அட்டைக்குத்தான் வந்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் போகவேண்டும், தடுப்பூசி போட்டிருக்கவேண்டும் என்பது நிபந்தனை. தொகையோ சிறியது, அதை நம்பி வேலையை விட யாருக்குக் கட்டுபடியாகும்?

நம்பிக்கை: ஒருமுறை விரட்டிவிட்டால் பசி திரும்பாது.

உண்மை: ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் பசி வரைபடத்திலிருந்து 2014-ல் வெளியேறியது பிரேசில். 2019-ல் புதிய அரசு பதவியேற்ற அன்றே தேசிய உணவுப் பாதுகாப்பு மன்றத்தைக் கலைத்தது. பின்னாலேயே கொரோனாவும் வந்தது. நாடு மறுபடி வரைபடத்தில் ஏறியது. 2023-ல் மன்றம் உயிர்பெற்றது. 2025-ல் பெயர் மீண்டும் நீங்கியது. இத்தனை ஆண்டுகளும் சோயாவும் மாட்டிறைச்சியும் அங்கிருந்து கப்பல் கப்பலாக வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன.