சின்ன ரிவால்வரும் வீட்டுத் தோட்டாவும்

"கம்பெனித் தோட்டாவில் வேகம் கம்மி. கொஞ்சம் மருந்து கூட்டி நாமே அடைத்துக்கொண்டால் சின்ன ரிவால்வரும் பெரிய வேலை பார்க்கும்." ஊத்துக்கோட்டைப் பக்கம் தோப்பு, செங்கல் சூளை, ரைஸ்மில் என்று ராத்திரிக் காவல் உள்ள இடங்களில் துப்பாக்கிப் பேச்சு வந்தால், இப்படிச் சொல்ல ஒருவர் இருப்பார். நாட்டுத் துப்பாக்கிக் குழலில் கரிமருந்தைக் கொட்டிக் கெட்டிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் ரிவால்வர் தோட்டாவில் இருப்பது புகையில்லா மருந்து. அளவு சற்றுக் கூடினாலே அழுத்தம் எகிறும். தோட்டாக் கூட்டில் மருந்து பாதிகூட நிரம்பாது என்பதால், கைதவறி இரண்டு முறை போட்டுவிட்டாலும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். மருந்து போடவே மறந்தால் இன்னொரு வினை. மருந்தைப் பற்றவைக்கும் கேப்பின் வேகத்தில் மட்டும் குண்டு நகர்ந்து குழலில் சிக்கி நிற்கும். அது தெரியாமல் அடுத்த முறை சுட்டால் குழல் வெடிக்கலாம்.

லேசான ரிவால்வர்தான் கைக்குச் சுகம் என்பது அடுத்த நம்பிக்கை. 2014இல் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற 32 போர் ரிவால்வரைப் பெண்களுக்கானது என்று விளம்பரப்படுத்தி விற்பனைக்கு விட்டது. டைட்டானியக் கலவை உடல், எடை சுமார் அரை கிலோ, அப்போதைய விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல். பைக்குள் வைத்துக்கொள்ள லேசுதான். சுடும்போது எடை குறைந்த துப்பாக்கி கூடுதலாக உதைக்கும். எடை பாதியானால் பின்னுதைப்பின் வேகம் இரட்டிக்கும். கம்பெனித் தோட்டாவின் உதை தாங்கக்கூடியதே. மருந்தைக் கூட்டினால்தான் கதை மாறுகிறது.

உதையில் துப்பாக்கி வெடுக்கென்று பின்னால் வரும். உருளையில் காத்திருக்கும் மற்ற தோட்டாக்களின் கூடும் கூடவே வரும். ஈயக் குண்டு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அதை இறுக்கிப் பிடிப்பது கூட்டின் வாயை உள்நோக்கி மடித்த 'கிரிம்ப்'. தொழிற்சாலை இயந்திரம் அதை ஒரே சீராகச் செய்கிறது. வீட்டுத் தோட்டாவில் பிடி தளர்ந்திருந்தால், ஒவ்வொரு உதைக்கும் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறி உருளைக்கு வெளியே மூக்கை நீட்டும். அப்புறம் உருளை சுற்றாது. ஆபத்து நேரத்தில் கையில் இருப்பது அரை கிலோ இரும்புக்கட்டி; டைட்டானியம் என்று வேண்டுமானால் திருத்திக்கொள்ளலாம்.

கட்டைக் குழலில் கூடுதல் மருந்து முழுதாக எரிந்து தீர வழியும் இல்லை. மிச்சம் வாயில் நெருப்பாகவும் சத்தமாகவும் போகும். இருட்டில் சுட்டவர் கண்ணே கூசும்.

"லைசென்ஸ்தான் இருக்கிறதே, தோட்டா செய்தால் என்ன?" என்பதுதான் எல்லாவற்றிலும் விபரீதமான நம்பிக்கை. துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தரும் உரிமம் வேறு, தயாரிக்கத் தரும் உரிமம் வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. அதேபோல், பம்புசெட் ஒயரை உருவிக்கொண்டு ஓடுபவனைச் சுடத் தற்காப்புரிமை இருப்பதாக நினைப்பவர்கள் பாரதிய நியாய சம்ஹிதாவின் 37, 41ஆம் பிரிவுகளை ஒருமுறை வக்கீலிடம் கேட்டுவிடுவது நல்லது. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அச்சம் தராத வெறும் திருட்டுக்கு உயிரை எடுக்க அங்கே அனுமதி இல்லை.

உண்மையிலேயே தற்காப்புக்குச் சுட்டவருக்கும் வீட்டுத் தோட்டா பகையாகலாம். எவ்வளவு தூரத்திலிருந்து சுடப்பட்டது என்பதைத் தடயவியல் கூடம் மருந்துத் துகள் படிந்த விதத்தை வைத்துக் கணிக்கும். அதற்கு அதே ரகத் தோட்டாவைச் சுட்டுப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1989இல் மனைவி குண்டுபட்டு இறந்த வழக்கில், கணவர் கையால் அடைத்த தோட்டாதான் சிக்கலாயிற்று. உள்ளே எவ்வளவு மருந்து இருந்தது என்பதற்கு அவர் சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லாமல், வழக்கு பல விசாரணைகளுக்கு இழுத்தது.

ஆக, தேர்ந்தெடுக்க இருப்பது உரிமம் பெற்ற கடையில் கிடைக்கும் 32 போர் தோட்டாதான். ரசீதோடு வாங்கி, உரிமத்தில் பதிந்து, ஈரம்படாமல் வையுங்கள். ரிவால்வருக்கு எண்ணெய் போட்டுத் துடைத்த கையோடு தோட்டாவைத் தொடாதீர்கள்; எண்ணெய் கசிந்தால் கேப் செத்துவிடலாம். ஊத்துக்கோட்டைக்காரர்களுக்கு இன்னொன்று. தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லும் உரிமம் என்றால் சத்தியவேட்டுக்குக் கிளம்பும்போது ரிவால்வரை வீட்டில் பூட்டிவைத்துவிட்டுப் போங்கள், அது ஆந்திரா.