காற்றேறிய நஞ்சும் கானகத்தின் சுமையும்

முன்னுரை

கூட்டேரிப்பட்டைச் சுற்றிலும் நெல்லும் மணிலாவும் விளையும் வயல்கள் விரிந்து கிடக்கின்றன. மேற்கே செஞ்சி மலைக்காடுகள். கிழக்கே கடலோரத்தில் புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சூழ்ந்த பழமையான கோயிற்காடு. வயலில் தெளிக்கும் மருந்துக்கும் தொலைவிலுள்ள காட்டுக்கும் தொடர்பு உண்டா? இதனை ஈண்டு ஆராய்வோம்.

காற்றேறும் நஞ்சு

டி.டி.டி., பி.எச்.சி. போன்ற பூச்சிக்கொல்லிகளும், குப்பையுடன் சிலவகைப் பிளாஸ்டிக் எரியும்போது தோன்றும் டையாக்சின்களும் நிலைத்த கரிம மாசுகள் எனப்படும். இவை எளிதில் சிதைவதில்லை. நீரில் மிகச் சிறிதளவே கரையும். கொழுப்பிலும் மெழுகிலும் நன்கு கரையும். பி.எச்.சி. போன்றவை வெப்பத்தால் ஆவியாகவும் வல்லவை.

1980களின் பிற்பகுதியில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை ஆய்வாளர்களும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இணைந்து வெள்ளாற்றுப் பகுதியில் இதனை ஆய்ந்தனர். வயலில் இட்ட பி.எச்.சி.யில் 99.6 விழுக்காடு காற்றிற் கலந்தது என்றும், கடலை அடைந்தது 0.4 விழுக்காடே என்றும் அவர்கள் கணக்கிட்டனர். வயலில் நஞ்சு குறைந்தது மெய். ஆனால் அது அழியவில்லை, இடம்பெயர்ந்தது.

காடு ஏற்கும் முறை

இலையின் மேற்பரப்பில் மெல்லிய மெழுகுப் படலம் உண்டு. காற்றிலுள்ள நஞ்சு அதில் கரைந்து படிகிறது. ஒரு காட்டின் இலைகளை எல்லாம் விரித்தால் அவற்றின் பரப்பு, அக்காடு நிற்கும் நிலப்பரப்பைவிடப் பன்மடங்காகும். எனவே வெற்று நிலத்தைவிடக் காடு மிகுதியாக நஞ்சை ஏற்கிறது. 1998-இல் மக்லாக்லன், ஹோர்ஸ்ட்மன் என்னும் ஆய்வாளர்கள் காட்டினைக் காற்றின் வடிகட்டி என்றே விளக்கினர்.

இலை உதிர்ந்தால் நஞ்சும் உதிர்கிறது. மட்கு அதனைப் பற்றிக்கொள்கிறது. மண்புழு மட்கை உண்ண, பறவை புழுவை உண்ண, படிக்குப்படி உடற்கொழுப்பில் நஞ்சின் செறிவு கூடுகிறது. சமவெளியின் வெப்பத்தில் எழுந்த ஆவி, உயர்மலைகளின் குளிரில் படிவதும் உண்டு. மருந்தே தெளிக்காத மலையும் இவ்வாறு மாசுறலாம்.

சட்டமும் கடமையும்

வேளாண்மையில் டி.டி.டி. 1989-இலும், பி.எச்.சி. 1997-இலும் தடை செய்யப்பட்டன. 2001-இல் உருவான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை இந்தியா 2006-இல் ஏற்றது. ஆயினும் மண்ணில் முன்பே தங்கிய நஞ்சைச் சட்டம் ஒரே நாளில் நீக்கிவிடாது. காட்டுத்தீ மூண்டால் மட்கில் தங்கியது மீண்டும் காற்றேறும்.

முடிவுரை

காடு நம் நஞ்சைத் தாங்குகிறது. ஆனால் அதன் தாங்குதிறனுக்கும் எல்லை உண்டு. தெருமுனையில் பிளாஸ்டிக் குப்பையைக் கொளுத்தாதிருத்தலும், பரணில் கிடக்கும் பழைய மருந்தை வயலிலோ குளத்திலோ கொட்டாமல் வேளாண்மை அலுவலரிடம் வழி கேட்டலும் நம்மால் இயல்வனவே. கண்ணுக்கு மறைந்தது ஒழிந்துவிட்டதாகாது என்பதை மாணவர் உணர்ந்து, தம் இல்லத்தார்க்கும் எடுத்துரைப்பாராக.